நடுவானில் இன்ஜின் நின்றால்: டெல்டாவில் சிறு விமானம் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பைலட் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, உரிமம் வாங்கிவிட்டு எப்போதாவது பறப்பவர்கள், டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பேச்சு முழுக்க செஸ்னா 172 போன்ற ஒற்றை இன்ஜின் விமானம் பற்றியது. எண்கள் அந்த ரகத்துக்குத் தோராயமானவை. உங்கள் விமானத்தின் கையேடு வேறு எண் சொன்னால் கையேடு சொல்வதுதான் சரி.

இன்ஜின் நின்னுட்டா பிளேன் கல்லு மாதிரி விழுந்துடுமா சார்?

விழாது. விமானத்தைத் தூக்குவது இறக்கை. இறக்கைமேல் போதிய வேகத்தில் காற்று ஓடுகிறவரை அது தூக்கிக்கொண்டே இருக்கும், அந்த வேகம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இன்ஜின் வேலை. இன்ஜின் நின்றால் உயரத்தைச் செலவழித்து வேகத்தை வாங்கிக்கொள்கிறோம். மேம்பாலத்து இறக்கத்தில் பைக்கை அணைத்துவிட்டாலும் உருண்டு வருகிறதே, அந்த மாதிரி.

எப்போது விழும் என்றால், பயத்தில் மூக்கை மேலே இழுத்துப் பிடிக்கும்போது. தரை நெருங்க நெருங்க கை தானாகவே இழுக்கும், இழுத்தால் வேகம் போகும், வேகம் போனால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். இதற்குப் பெயர் ஸ்டால். இன்ஜின் நின்றபின் ஆளைக் காவு வாங்குவது பெரும்பாலும் இந்த ஸ்டால்தான். கீழே வரப்போகும் பாதிப் பதில்கள் இதையே வேறு வேறு இடத்தில் சொல்பவை.

அப்படின்னா எவ்வளவு தூரம் மிதந்து போகும்? திருச்சி வரைக்கும் போயிடலாமா?

நல்ல வேகத்தில் பிடித்தால், அதாவது மாடலையும் எடையையும் பொறுத்து 65 நாட் (மணிக்கு 120 கிலோமீட்டர்) சுமாருக்கு, ஒரு அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னே போகும். 3,000 அடி உயரத்தில் நின்றால் காகிதக் கணக்கில் 8 கிலோமீட்டர். இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 700 அடிக்குச் சற்று மேல் என்பதால் கையில் இருப்பது ஏறக்குறைய 4 நிமிடம்.

காகிதக் கணக்கை நம்பாதீர்கள். என்ன நடந்தது என்று மூளை ஒத்துக்கொள்ளவே சில விநாடி போகும், திரும்பும்போது உயரம் கரையும், எதிர்காற்று இருந்தால் தூரம் சுருங்கும். அதனால் நான் பாதியைத்தான் கணக்கில் வைக்கச் சொல்வேன்: 3,000 அடிக்கு 4 கிலோமீட்டர். கும்பகோணத்துக்கு மேலே நின்றால் திருச்சியை மறந்துவிடுங்கள், தாராசுரத்தைத் தாண்டினாலே பெரிது. எங்கே இறங்குவது என்பது எப்போதும் காலடியில், அந்த 4 கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான்.

இதனால்தான் உயரம் முக்கியம். தரையை வேடிக்கை பார்க்க 1,000 அடியில் பறக்கிறவருக்கு ஒன்றேகால் நிமிடம்தான் கிடைக்கும்.

இன்ஜின் ஏன்தான் நிக்குது? பழைய இன்ஜின்னாலயா?

பழசு என்பதால் மட்டும் இல்லை. இந்த இன்ஜின்கள் எளிமையானவை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ தனித்தனியாக இரண்டு, பேட்டரி செத்தாலும் பொறி வரும். இரும்பு உடைந்து நிற்பதும் உண்டு, ஆனால் பைலட்டின் கைக்கு எட்டிய காரணங்கள்தான் அதிகம் பேசப்பட வேண்டியவை: பெட்ரோல் தீர்ந்தது, ஒரு டேங்கில் இருந்தும் வால்வு வேறு பக்கம் இருந்தது, பெட்ரோலில் தண்ணீர் கலந்தது, கார்புரேட்டரில் பனி பிடித்தது. நான்குமே பறக்கும் முன்னரோ பறக்கும்போதோ கவனித்தால் தவிர்க்கக்கூடியவை.

பறக்கறதுக்கு முன்னாடி எதைப் பாத்தா நிம்மதியா ஏறலாம்?

பெட்ரோல், பெட்ரோல், பெட்ரோல். டேஷ்போர்டில் இருக்கும் முள்ளை நம்பாமல் இறக்கைமேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுகோலை விட்டுப் பாருங்கள். போகும் நேரத்துக்கு மேல் பகலில் குறைந்தது 30 நிமிடத்துக்கு மிச்சம் வேண்டும் என்பது விதி. ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வது என் பழக்கம்.

அடுத்தது தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் இங்கே காற்றே ஈரத்துணி. அரை டேங்கோடு இரவெல்லாம் நின்ற விமானத்தில் காலையில் தண்ணீர் கோத்திருக்கும், மூடியின் ரப்பர் நைந்திருந்தால் மழையே உள்ளே போயிருக்கும். தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும், அதனால் ஒவ்வொரு டேங்குக்கு அடியிலும் இருக்கும் வடிகுழாயைக் கண்ணாடிக் குவளையால் அழுத்தி கொஞ்சம் பிடித்துப் பார்க்கிறோம். விமானப் பெட்ரோல் 100எல்எல் லேசான நீல நிறம். தண்ணீர் இருந்தால் நீலத்துக்கு அடியில் நிறமில்லாத உருண்டையாகவோ கோடு போட்ட மாதிரி தனி அடுக்காகவோ நிற்கும்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. குவளை முழுக்கவே தண்ணீராக இருந்தால் கோடே தெரியாது, ‘சுத்தமா இருக்கு’ என்று கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் குவளையை வானத்துக்கு எதிராகப் பிடிக்காமல் விமானத்தின் வெள்ளை உடம்புக்கு எதிராகப் பிடியுங்கள், நீலம் தெரிகிறதா என்று பாருங்கள், மோந்தும் பாருங்கள். நீலம் இல்லையென்றால் நீலம் வருகிறவரை பிடித்துக்கொண்டே இருங்கள். வரவே இல்லையென்றால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

நம்ம ஊர்ல 30 டிகிரி வெயில்ல கார்புரேட்டர்ல ஐஸ் புடிக்கும்னா நம்பவா முடியுது?

நம்பித்தான் ஆகவேண்டும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரிவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் வெப்பம் 20, 30 டிகிரி கூட இறங்கிவிடும். வெளியே 28 டிகிரியும் பிசுபிசுப்பும் இருந்தால் உள்ளே உறைநிலைக்குக் கீழே போக அது போதும். டெல்டாவில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, மழைவிட்ட மார்கழிக் காலை என்றால் கேட்கவே வேண்டாம். த்ராட்டிலைக் குறைத்து இறங்கிவரும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

அடையாளம், த்ராட்டிலைத் தொடாமலே ஆர்.பி.எம். மெல்ல இறங்குவது. கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கைப்பிடியை, முழுசாக இழுங்கள். இழுத்ததும் ஆர்.பி.எம். இன்னும் குறையும், பனி உருகித் தண்ணீராக உள்ளே போவதால் இன்ஜின் இருமும், குலுங்கும். இங்கேதான் பலர் பயந்து ஹீட்டைத் திரும்ப மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், கொஞ்சம் பொறுத்தால் ஏறிவரும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வைத்த புதிய 172-களில் கார்புரேட்டரே இல்லை, அவர்களுக்கு இந்தக் கவலையும் இல்லை.

சரி, நின்னே போச்சு. முதல்ல கை எங்க போகணும்?

கை மூக்குக்கு, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் யோக் என்ற பிடிக்கு. மூக்கை இறக்கி, மேலே சொன்ன மிதக்கும் வேகத்துக்கு (கிளைடு வேகம்) கொண்டுவந்து, கையை எடுத்தாலும் அந்த வேகம் நிற்கும்படி டிரிம் போட்டு நிறுத்துங்கள். இரண்டாவது கண், வயலுக்கு: இடத்தைத் தேர்ந்தெடுத்து அதை நோக்கித் திருப்புங்கள். இவை இரண்டும் ஆனபிறகுதான் இன்ஜினை உயிர்ப்பிக்கப் பார்ப்பது. கார்ப் ஹீட், பெட்ரோல் வால்வு ‘இரண்டும்’ என்ற இடத்தில், மிக்ஸ்ச்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவைப் பிடி) முழுசாக, மேக்னெட்டோ இரண்டிலும், பிரைமர் (ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல் அடிக்கும் கைப்பம்பு) பூட்டியிருக்கிறதா. 172-இல் தரையிலிருந்து மேல்நோக்கி ஒரு ஓட்டமாகக் கை போனாலே எல்லாவற்றையும் தொட்டுவிடும்.

ரேடியோ அப்புறம்தான். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே மூன்று முறை ‘மேடே’ என்ற அபாய அழைப்பு, பிறகு யார், எங்கே, என்ன, எத்தனை பேர். பதில் இல்லையென்றால் அவசர அலைவரிசையான 121.5, ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700. ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) உங்களைத் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பது பெரிய விஷயம்.

டெல்டா பூரா தட்டையான வயல்தானே? எங்க வேணா இறக்கிடலாமே, எதுக்கு இவ்வளவு பயம்?

இந்தத் தொகுப்பை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். மலைப்பக்கத்துப் பைலட்டுகள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். ஆனால் தட்டை வேறு, இறங்கும் தரை வேறு. டெல்டாவில் ஒரே வயல் மாசியில் உங்களைக் காப்பாற்றும், ஐப்பசியில் கவிழ்த்துவிடும். அதனால் வரைபடத்தோடு சேர்த்து நடவுக் காலமும் தெரிந்திருக்க வேண்டும், விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பிறவியிலேயே தெரியும்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும், நீர்வரத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். அதிலிருந்து குறுவை, சம்பா, தாளடி என்று மாறி மாறி தையிலோ மாசியிலோ அறுப்பு முடியும்வரை பெரும்பாலான நிலத்தில் தண்ணீர் நிற்கும் அல்லது சேறு இருக்கும். அறுப்புக்குப் பிறகு உளுந்தும் பயறும் தாழ்ந்த பயிராகக் கிடக்கும், சித்திரை வைகாசியில் களிமண் வெடித்துக் காய்ந்து கிடக்கும். அதுதான் நமக்கு நல்ல காலம். ஒரே நாளில்கூட எல்லா இடமும் ஒன்றாக இருக்காது. கல்லணைப் பக்கம் நடவு முடிந்திருக்கும்போது கடைமடையில் தண்ணீரே வந்திருக்காது.

மேலிருந்து நிறத்தைப் படிக்கப் பழகுங்கள். வானம் பளபளவென்று தெரிகிற வயல் சேற்றுழவு முடிந்தது, வேண்டாம். இளம்பச்சைக் கோடுகளுக்கு நடுவே மினுக்கம் இருந்தால் புது நடவு, அதுவும் வேண்டாம். கரும்பச்சை என்றால் தூர் கட்டிய பயிர், அடியில் தண்ணீர் இருக்கும். பொன்னிறம் என்றால் அறுப்புக்காகத் தண்ணீரை வடித்துவிட்டிருப்பார்கள், பச்சையைவிடத் தரை கெட்டி. வெளிறிய வைக்கோல் நிறத்தில் அறுவடை இயந்திரத்தின் தடம் வரிவரியாகத் தெரிந்தால் அதுதான் உங்கள் வயல். ஆனால் கட்டிப் போட்ட வைக்கோல் உருளைகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள், வாத்து மேய்கிறதா என்றும் பாருங்கள். கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்காரர்கள் வந்து கிடை போடுவார்கள், தூரத்திலிருந்து காய்ந்த திட்டு மாதிரி தெரிவது முந்நூறு ஆடாக இருக்கும்.

வயல் சின்னச் சின்னதா இருக்கே, நீளம் பத்துமா?

இங்கே நிலத்தை அளக்கும் ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட். ஒற்றை வயலுக்குள் நிற்பது நடக்காத காரியம். கெட்டி ரன்வேயில் 172-க்குத் தரை ஓட்டம் மட்டும் 175 மீட்டர் அளவுக்கு வேண்டும். அதனால் வரப்புகளைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்று வைத்துக்கொண்டு, குறைவான வரப்பு வரும் திசையைப் பாருங்கள். வயல்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் நீண்டிருக்கும், அந்த நீளவாக்கில் இறங்கினால் குறுக்கே வரும் வரப்பு பாதியாகும். முதல் வரப்புக்கு வரும்போது வேகம் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது.

நிற்க நிறைய இடம் வேண்டும் என்ற பயமும் மிகை. மணிக்கு 80 கிலோமீட்டரில் தரை தொட்டு, சீராக வேகம் குறைந்தால், உடம்பு தாங்கக்கூடிய 9ஜி அளவில் 3 மீட்டருக்குள்ளேயே நின்றுவிடலாம். அதே 160 கிலோமீட்டர் என்றால் 11 மீட்டருக்கு மேல் வேண்டும். சக்கரம் போகட்டும், இறக்கை வாழைத்தோப்பில் மாட்டிக் கிழியட்டும், உட்காரும் கூடு மட்டும் முழுசாக இருந்தால் போதும். விமானத்தைக் காப்பாற்றப் போய் ஆளை இழக்கக் கூடாது, அது காப்பீட்டுக்காரர் கவலை.

சுத்திலும் தண்ணி நிக்கிற வயல்தான். வேற வழியே இல்ல. எப்படி இறக்கறது?

முன் சக்கரம் சேற்றில் புதையும், விமானம் தலைகுப்புறக் கவிழ வாய்ப்பு அதிகம். இதை ஏற்றுக்கொண்டு திட்டமிட்டால் பிழைப்பது கஷ்டமில்லை. பெல்ட்டை வலிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். பொருட்களை வயிற்றுக்கு முன்னால் வைக்காதீர்கள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுங்கள். கவிழ்ந்தபின் கதவு சிக்கிக்கொள்ளாமலிருக்க இறங்கும் முன்பே திறந்து, இடுக்கில் ஒரு செருப்பைச் செருகிவிடுங்கள். ஃபிளாப்பை (மெதுவாக இறங்க உதவும், இறக்கையின் பின்பக்கத் தகடு) முழுதாக இறக்கிய பிறகு மாஸ்டர் என்ற மெயின் மின்சுவிட்சை அணையுங்கள். 172-இல் ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவது, முதலில் மாஸ்டரை அணைத்தால் ஃபிளாப் வராது. பெட்ரோல் வால்வை மூடுவது, மிக்ஸ்ச்சர், மேக்னெட்டோ எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தரையை எவ்வளவு மெதுவாகத் தொட முடியுமோ அவ்வளவு மெதுவாக, பின்சக்கரங்களால், மூக்கை உயர்த்தியே பிடித்து. இடுப்பளவு சம்பா என்றால் கதிரின் நுனியையே தரை என்று நினைத்து அதன்மேல் நிறுத்துங்கள். கவிழ்ந்து தொங்கினால் அவசரப்பட்டு பெல்ட்டை விடாதீர்கள், கழுத்து மடங்கும். ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு பிறகு விடுங்கள்.

ஹட்சன் ஆத்துல இறக்கினாரே, நம்ம கொள்ளிடத்துல இறக்க முடியாதா?

2009 ஜனவரி 15-இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் கேப்டன் சல்லன்பெர்கர் 155 பேரோடு இறக்கியது ஒரு ஏர்பஸ் ஏ320, சக்கரத்தை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு, ஆழமான ஆற்றில், சுற்றிலும் படகுகள். நம்முடைய சக்கரம் மடங்காது, தண்ணீரில் பட்டதும் பிடித்து இழுத்துக் கவிழ்க்கும். வெள்ளம் ஓடுகிற கொள்ளிடம் என்றால் இழுப்பும் சேரும். தண்ணீர்தான் என்று முடிவானால் கரையை ஒட்டி இறங்குங்கள்.

வறண்ட கொள்ளிடம் வேறு கதை. அகலம் ஏராளம், கம்பியில்லை, ஆளில்லை. ஆனால் மேலே சமமாகத் தெரியும் மணலில் அள்ளிய குழிகள் இருக்கும், நாணல் திட்டும் கருவேலமும் இருக்கும், உலர்ந்த பொடிமணலில் சக்கரம் புதையும். ஈரம் காய்ந்து கெட்டியாகிய, சற்றுக் கருத்த மணல் திட்டு நல்லது. ஆற்றின் போக்கிலேயே இறங்குங்கள். பாலமும், அணைக்கரை மாதிரி கதவணையும் எவ்வளவு தூரத்தில் என்று முன்பே பார்த்துவிடுங்கள். வயல் நல்ல நிலையில் இருந்தால் நான் வயலைத்தான் எடுப்பேன்.

பைபாஸ் ரோடு நேரா, சூப்பரா இருக்கே?

மேலிருந்து பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நடுவே தடுப்பு, ஓரத்தில் விளக்குக்கம்பம், குறுக்கே மின்கம்பி, மேலே வழிகாட்டிப் பலகை, நடுவில் 54 பேரோடு ஒரு பஸ். ஊர்ச்சாலை என்றால் இரண்டு பக்கமும் புளியமரம், அறுப்புக் காலத்தில் சாலை நெடுக நெல் காயும், கூடவே அதைத் துழாவிக்கொண்டு யாராவது. காலையில் ஆளரவமற்ற நீண்ட சாலை கிடைத்து, வயலெல்லாம் சேறு என்றால் யோசிக்கலாம், அப்போது வண்டிகள் போகும் திசையிலேயே இறங்குங்கள்.

கம்பியைத் தேடாதீர்கள், தெரியாது. கம்பத்தைத் தேடுங்கள். வயல் நடுவே தனியாக ஒரு பம்புசெட் கொட்டகை இருந்தால் அதற்கு ஏதோ ஒரு பக்கத்திலிருந்து கம்பி வந்திருக்கும்.

கடற்கரை, உப்பளம் எல்லாம்?

அலை தொட்டுப் போகும் ஈரமணல் கெட்டியாக இருக்கும், மேலே இருக்கும் உலர்மணல் அப்படியில்லை. நாகை, வேதாரண்யம் கரையில் படகும் வலையும் ஆளும் இருக்கும், பின்னால் சவுக்குத் தோப்பு. உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி வரப்பு. கட்டம் கட்டமாக மின்னுவது வயல் என்று நினைத்து இறால் குட்டையில் இறங்கிவிடாதீர்கள், கரை செங்குத்தாக உயர்ந்திருக்கும். கோடியக்கரைப் பக்கம் பனிக்காலத்தில் பறவை கூட்டம் கூட்டமாக வரும், அங்கே தாழப் பறப்பதே வேண்டாத வேலை.

காத்து எந்தப் பக்கம்னு மேலேருந்து எப்படித் தெரியும்?

எங்காவது ஒரு புகை இருக்கும், செங்கல் சூளையோ, அறுத்த வயலில் நெல் தாளை எரிப்பதோ. குளத்தில் அலை எழாமல் கண்ணாடியாக இருக்கும் கரைதான் காற்று வரும் பக்கம். தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். மாதமும் சொல்லும்: ஆடியில் மேற்கிலிருந்து, ஐப்பசி மார்கழியில் வடகிழக்கிலிருந்து, கோடைப் பிற்பகலில் கடலோரத்தில் கிழக்கிலிருந்து.

எதிர்காற்றில் இறங்குவது அலங்காரமில்லை. 45 நாட்டில் தரை தொடும் விமானம் 15 நாட் எதிர்காற்றில் 30-இல் தொடும், அதே காற்று முதுகில் இருந்தால் 60. வேகம் இரட்டிப்பு என்றால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்தக் காற்றை முன்னால் வைத்துக்கொண்டால் அதுவே பிரேக்.

டேக்-ஆஃப் ஆன கையோட நின்னா, திரும்பி அதே ரன்வேக்கு வந்துடலாமில்ல?

கிட்டத்தட்ட எல்லாரும் செய்ய நினைப்பது இது, செத்துப்போனவர்களில் நிறையப் பேர் செய்ததும் இது. திரும்ப 180 டிகிரி போதும் என்று நினைப்பீர்கள். வட்டம் போட்டதில் ரன்வேக்குப் பக்கவாட்டில் விலகியிருப்பீர்கள், அதனால் 210-க்கு மேல் திரும்பி, பிறகு மறுபக்கம் கொஞ்சம் திருப்பி நேராக்க வேண்டும். சீக்கிரம் திரும்ப 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும், 60 டிகிரி சாய்த்தால் 41. தாழ்ந்த உயரத்தில், ஏற்கெனவே வேகம் குறைந்த விமானத்தில், தரையைப் பார்த்து மூக்கை இழுத்தபடி அந்தத் திருப்பம். முதல் பதிலில் சொன்ன ஸ்டால் நேராகக் காத்திருக்கிறது. தப்பித்து வந்தாலும் காற்று இப்போது முதுகில்.

அதனால் ஒரு உயரத்தை முன்பே முடிவு செய்யுங்கள். பயிற்றுநரோடு மேலே போய், உங்கள் விமானத்தில் அந்தத் திருப்பத்துக்கு உண்மையில் எவ்வளவு உயரம் கரைகிறது என்று அளந்து, அதன்மேல் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நின்றால் மூக்குக்கு இடமும் வலமும் 30 டிகிரிக்குள் இருப்பதில் நல்லது எதுவோ அதில் நேராக. ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கும் முன்னால் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும்.

முழுசா நிக்கல, பாதி பவர் இருக்கு. ஊருக்கே ஓட்டிட்டுப் போயிடலாமா?

இது முழுசாக நிற்பதைவிடத் தொல்லை, ஏனென்றால் மனசு பேரம் பேசும். உயரம் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நல்ல வயலிலிருந்து அடுத்த நல்ல வயலுக்கு என்று மேலே சொன்ன 4 கிலோமீட்டர் வட்டத்தை விடாமல் அருகிலுள்ள விமான நிலையம் நோக்கி நகருங்கள். சரிந்துகொண்டே இருந்தால், பவர் இருக்கும்போதே நல்ல வயலில் இறக்கிவிடுங்கள். பாதி பவரோடு வட்டமிட்டுத் தரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிவது ஒரு வசதி, அதைத் தூரத்துக்காக வீணாக்க வேண்டாம்.

ரெட்டை இன்ஜின் வாங்கிட்டா இந்தக் கவலையே இல்லதானே?

கவலை வேறு. ஒன்று நின்றால் மற்றது ஒருபக்கமாக இழுக்கும், வேகம் குறைந்தால் புரட்டியே விடும். பாதி பவர் போனால் மேலேறும் திறனில் 80 சதவீதமோ அதற்கு மேலோ போய்விடும். தொடர்ந்து பயிற்சி எடுப்பவருக்கு இரட்டை இன்ஜின் நல்லது, எடுக்காதவருக்கு ஒற்றையே பாதுகாப்பு என்பது என் கட்சி. சிர்ரஸ் மாதிரி விமானத்துக்கே பாராசூட் வைத்தவையும் உண்டு, அதற்கும் குறைந்தபட்ச உயரம் இருக்கிறது.

தஞ்சாவூர் ஏர்ஃபோர்ஸ் ரன்வேல இறக்கினா சுட்டுடுவாங்களா?

சிரிப்பு வந்தாலும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அது விமானப்படைத் தளம், 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 ஸ்குவாட்ரன் ஒன்று அங்கே இருக்கிறது, சாதாரண நாளில் அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது. ஆனால் மேடே சொன்ன விமானம் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். கையில் எட்டும் தூரத்தில் அவ்வளவு நீளமான ரன்வே இருக்கும்போது விதிக்குப் பயந்து சேற்றில் இறங்குவது முட்டாள்தனம். சொல்லிவிட்டு இறங்குங்கள், அப்புறம் நிறையக் கேள்வி கேட்பார்கள், டீயும் கொடுப்பார்கள்.

இறங்கினதுக்கு அப்புறம் ஊரே கூடிடுமே?

கூடும். உதவிக்குத்தான் வருவார்கள், அதில் நாலு பேர் பீடியோடு வருவார்கள். எல்லாரையும் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிறுத்தச் சொல்லி விவரமான ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள், பெட்ரோல் கசிந்துகொண்டிருக்கலாம். 108-ஐயும் 112-ஐயும் கூப்பிடுங்கள், ஏடிசிக்கும் உங்கள் பயிற்சிப் பள்ளிக்கும் சொல்லுங்கள். அதிர்ச்சியில் ஈஎல்டி, அதாவது விழுந்த இடத்தைச் சொல்லும் அவசர சமிக்ஞைக் கருவி, தானாக இயங்கியிருந்தால் பெங்களூரில் இருக்கும் செயற்கைக்கோள் அவசர சமிக்ஞை மையத்துக்கு ஏற்கெனவே சமிக்ஞை போயிருக்கும்.

ஆளை மீட்பதற்குத் தவிர விமானத்தை நகர்த்தக் கூடாது. விபத்து என்றால் ஏஏஐபி (விமான விபத்து விசாரணை அமைப்பு) விசாரிக்கும். டிராக்டர் கொண்டுவந்து இழுத்துத் தருகிறேன் என்பவர் நல்ல மனிதர்தான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயல்காரரிடம் முதலில் போய்ப் பேசுங்கள், பயிர் நஷ்டத்தைப் படம் எடுத்து வையுங்கள், காப்பீட்டுக்காரருக்கு அது வேண்டும்.

நல்ல வயல் ஒன்னு இருக்கு, ஆனா ஆளுங்க வேலை பாக்கறாங்க. பக்கத்துல சேறு, ஆள் இல்ல. எதுல இறக்கணும்?

சேற்றில். நீங்கள் பெல்ட் போட்டு, இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவர்களுக்கு எதுவும் இல்லை. கத்தி விலகச் சொல்ல முடியாது, விலகுவார்கள் என்று நினைக்கவும் கூடாது. இன்ஜின் நின்ற விமானம் சத்தமே போடாது, களை எடுக்கிறவர்கள் குனிந்து முதுகைத்தான் காட்டிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் பவர் டில்லர் ஓடினால் உங்கள் இறக்கையின் விசில்கூடக் கேட்காது.

இந்த முடிவை 500 அடிக்கு மேலேயே எடுத்துவிடுங்கள். 500 அடியில் இருந்து உற்றுப் பார்த்தால் ஆள் தெரியும், வரப்பில் தூக்குவாளியும் குடையும் தெரியும், இரண்டு சைக்கிள் சாத்தியிருந்தாலே வயலுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 அடிக்கு வந்தபின் ஆளைக் கண்டு சட்டென்று திருப்பினால் ஸ்டால். அப்போது இறக்கையைச் சாய்க்காமல், ரட்டரை (வாலில் இருக்கும் சுக்கான்) தொட்டுக் கொஞ்சம் விலகி, ஃபிளாப் பாக்கி இருந்தால் அதைப் போட்டு அவர்களுக்கு முன்னாலேயே தரை தொடப் பாருங்கள்.